தொலைந்த இலக்கணம்: லூவா மொழியின் பிறப்பைத் தேடி

லூவா என்ற நிரல்மொழியின் பெயரைக் கேள்விப்படாதவர்களும் அதன் பயனை அன்றாடம் அனுபவிக்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறந்தால் வலப்பக்கம் தகவற்பெட்டி வருகிறதே, அப்படிப்பட்ட பலவற்றுக்குப் பின்னால் ஓடுவது லூவா நிரல்தான். அடோபி லைட்ரூமில் புகைப்படம் திருத்துகிறவர், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாடுகிறவர், வயர்ஷார்க்கில் வலைப் போக்குவரத்தை அலசுகிறவர் என எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ அதன் பயனர்கள். உருவாக்கியவர்கள் மூவர்: ரொபெர்ட்டோ யெருசாலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ். பிறந்த இடம் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். ஆண்டு 1993.

இவ்வளவும் எல்லாக் குறிப்புகளிலும் கிடைக்கும். என் தேடல் இதற்கு அப்பால் தொடங்கியது. எனக்கு மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டியிருந்தது. லூவா சரியாக எப்போது பிறந்தது? எவற்றிலிருந்து பிறந்தது? எப்போது, ஏன் அது கட்டற்ற மென்பொருள் ஆனது? மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. ஏனெனில் இன்று உலகமே தடையின்றி எடுத்தாளும் இந்த மொழி, முதன்முதலில் வெளியானபோது தடையற்றதாக இல்லை.

சாட்சிகள்

கல்வெட்டு ஆய்வாளர் செய்வதைத்தான் மென்பொருள் வரலாற்றிலும் செய்ய வேண்டும். நிகழ்ந்த காலத்தில் எழுதப்பட்டதையும், பிறகு நினைவிலிருந்து எழுதப்பட்டதையும் தனித்தனியே வைத்துப் பார்க்க வேண்டும். லூவாவுக்கு இரண்டு வகையும் கிடைக்கின்றன.

நினைவிலிருந்து வந்தவற்றில் முதன்மையானது 2007இல் சான் டியேகோவில் நடந்த நிரல்மொழி வரலாற்று மாநாட்டுக்கு மூவரும் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை. 2001இல் பிரேசில் கருத்தரங்கு ஒன்றுக்காக எழுதிய சுருக்கமான வரலாறும் உண்டு. சமகாலச் சான்றுகளில் முதலாவது, 1994இல் பிரேசிலின் மென்பொருள் – வன்பொருள் கருத்தரங்கில் படிக்கப்பட்ட கட்டுரை. அடுத்தது 1996இல் ‘சாஃப்ட்வேர்: பிராக்டிஸ் அண்ட் எக்ஸ்பீரியன்ஸ்’ இதழில் வந்தது. அதன் தலைப்பே லூவாவை நீட்டிக்கத்தக்க நீட்டிப்பு மொழி என்று அறிமுகம் செய்கிறது. இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான சான்று மூலநிரல் தொகுப்புகள். லூவா குழுவினர் தங்கள் பழைய பதிப்புகளைத் தேதியோடு பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எவர் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம்.

இரண்டு மூதாதையர்

முதலில் எவற்றிலிருந்து என்ற கேள்வி. 2007 கட்டுரை இதற்குத் தெளிவான விடை தருகிறது. 1977 முதல் 1992 வரை பிரேசில் அரசு கணினிச் சந்தையை உள்நாட்டுக்கென ஒதுக்கி வைத்திருந்தது. வன்பொருளானாலும் மென்பொருளானாலும் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டுமென்றால், உள்நாட்டு நிறுவனம் எதனாலும் அதைத் தர முடியாது என்று நிரூபித்து, நீண்ட அலுவலக நடைமுறைகளைத் தாண்டி வரவேண்டும். இந்தச் சூழலில் பல்கலைக்கழகத்தின் கணினி வரைகலைக் குழுவான டெக்கிராஃப், தனக்கு வேண்டிய கருவிகளை அடியிலிருந்து தானே கட்டிக்கொள்ளப் பழகியது. அதன் பெரிய வாடிக்கையாளர் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸ்.

பெட்ரோப்ராஸ் பொறியாளர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. அவர்களுடைய பழைய உருவகப்படுத்தும் நிரல்கள் வெறும் எண்களின் நெடுவரிசைகளையே உள்ளீடாக ஏற்கும். எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதற்கு அந்தக் கோப்பில் அடையாளம் இருக்காது. ஓர் எண் இடம் மாறினால் மொத்தக் கணக்கும் தவறிவிடும். படத்தில் உரிய பகுதியைச் சொடுக்கி மதிப்பை நிரப்பும் திரைகளை டெக்கிராஃப் செய்து கொடுத்தது. ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியே நிரல் எழுதுவதைத் தவிர்க்க, தரவுகளை விவரிப்பதற்கென்றே 1992இல் ‘டெல்’ என்ற சிறு மொழி உருவானது. ஏறத்தாழ அதே காலத்தில், பாறை அடுக்குகளின் விவரங்களை அறிக்கையாக வரையும் மற்றொரு திட்டத்துக்காக ‘சோல்’ என்ற மொழி உருவானது.

இரண்டுமே நிரல்மொழிகள் என்று சொல்லத்தக்கவையாக இல்லை. அவற்றால் தரவை விவரிக்க முடிந்தது. முடிவெடுக்கவோ திரும்பத் திரும்பச் செய்யவோ முடியவில்லை. பயனர்கள் நிபந்தனை கேட்டார்கள், பிறகு சுழற்சி கேட்டார்கள். அப்போது கைக்கெட்டிய மொழிகளையும் மூவர் ஆராய்ந்திருக்கிறார்கள். டிசிஎல் மொழியின் எழுத்துமுறை பழக்கமற்றது, தரவு விவரிக்க உதவாது, யுனிக்ஸ் கணினிகளில் மட்டுமே ஓடியது. லிஸ்ப், ஸ்கீம் இரண்டும் நிரலாளர் அல்லாத பொறியாளர்களுக்குக் கடினம். பைத்தான் அப்போது குழந்தை. ஆகவே இரண்டு சிறு மொழிகளையும் இணைத்து, முழுமையான ஒரே மொழி ஆக்குவது என்று முடிவு செய்தார்கள். போர்த்துக்கீசிய மொழியில் சோல் என்றால் சூரியன். அதனால் அதற்குப் பதிலாக வருவதற்கு, நிலா என்று பொருள்படும் லூவா என்ற பெயரை நண்பர் ஒருவர் சொன்னார்.

பிறந்த நாள் எது?

இனி தேதி. சோல் மொழியின் முதல் வடிவம் மார்ச் 1993இல் முடிந்தது, ஆனால் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்படவேயில்லை என்று 2007 கட்டுரை சொல்கிறது. மூவரும் கூடி லூவாவைத் திட்டமிட்டது 1993இன் நடுப்பகுதி என்றும் சொல்கிறது. லூவாவின் பதிப்புப் பட்டியலோ, 1.0 பதிப்பு பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை, ஆனால் 28 ஜூலை 1993 அன்று ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு ஓரிரு மாதங்கள் முன்பே ஓடியிருக்கவும் கூடும் என்கிறது. அந்தப் பட்டியலை எழுதியவர்களுக்கும் தொடக்க நாள் நிச்சயமாகத் தெரியவில்லை என்பது இந்த வாசகத்திலேயே தெரிகிறது.

எனவே 1.0 தொகுப்பை இறக்கி, ஒவ்வொரு கோப்பின் தலைப்புக் குறிப்பையும் படித்தேன். சி மொழியில் எழுதப்பட்ட அந்தக் கோப்புகளின் மேல்பகுதியில், அக்காலத்து வழக்கப்படி, பெயரும் நாளும் இருக்கின்றன. லூவாவை மற்ற நிரல்களோடு இணைக்கும் தலைப்புக் கோப்பில் 19 மே 1993. மெய்நிகர் இயந்திரத்தின் கட்டளைகளை இயக்கும் கோப்பில் 26 ஏப்ரல் 1993. முகப்பு நிரலில் 28 ஏப்ரல் 1993. நினைவுக் கட்டுரை சொல்லும் ‘நடுப்பகுதி’யைவிட இவை முந்தியவை. சோல் முடிந்த மார்ச்சுக்கும் இந்த ஏப்ரலுக்கும் இடையே சில வாரங்களே இருக்கின்றன.

இத்தோடு தேதியை ஏப்ரல் என்று முடிவு செய்திருக்கலாம். ஆனால் அதே தொகுப்பிலுள்ள மற்றொரு கோப்பு அதைத் தடுக்கிறது. அட்டவணைகளை நிர்வகிக்கும் ஹாஷ் கோப்பின் மேலே, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோவின் பெயருடன் 17 ஆகஸ்ட் 1990 என்று இருக்கிறது. அதன் கீழே வால்டெமார் செலெஸ் திருத்தியதாக 12 மே 1993. லூவா என்ற எண்ணமே எழாத காலத்தில், டெல் மொழிகூடப் பிறக்காத காலத்தில், எழுதப்பட்ட நிரல் இது. வேறு வேலைக்காக எழுதி வைத்ததைப் புதிய மொழிக்காக எடுத்துச் செப்பனிட்டிருக்கிறார்கள் என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம்.

இந்தக் கோப்பு இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, தலைப்பிலுள்ள தேதி அந்தக் கோப்பின் வயதைத்தான் சொல்லும். மொழியின் வயதைச் சொல்லாது. ஏப்ரல் 1993 தேதி தாங்கிய கோப்புகளும் சோல் மொழிக்காகத் தொடங்கப்பட்டு லூவாவுக்கு மாறியவையாக இருக்கலாம். ஆகவே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: ஏப்ரல், மே மாதங்களில் நிரலின் முக்கியப் பகுதிகள் எழுதப்பட்டுவிட்டன, ஜூலை 28 அன்று முழு மொழியும் ஓடியது.

இரண்டாவது செய்தி இதைவிடப் பெரியது. லூவாவின் தனி அடையாளம் அட்டவணை. பட்டியல், பதிவு, பொருள், தொகுதி எல்லாவற்றையும் லூவா அட்டவணை ஒன்றை வைத்தே கட்டுகிறது. வேறு தரவுக் கட்டமைப்பு அதில் இல்லை. அந்த ஒற்றைத் தூணின் அடிப்பகுதிதான் தொகுப்பிலேயே மிகப் பழைய தேதியைத் தாங்கி நிற்கிறது.

தொலைந்ததும் மீண்டதும்

1.0 தொகுப்போடு ஒரு வாசிக்கவும் குறிப்பும் இருக்கிறது. லூவாவின் பத்தாம் ஆண்டை ஒட்டி இந்தத் தொகுப்பு வரலாற்று ஆர்வத்துக்காக வெளியிடப்படுகிறது, எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுச்சொத்தாக விடப்படுகிறது என்று அது அறிவிக்கிறது. அடுத்து வரும் தகவல் என்னைத் திடுக்கிட வைத்தது. லெக்ஸர், பார்ஸர் இரண்டின் மூலக் கோப்புகளும் தொலைந்துவிட்டன.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டும். லெக்ஸர் என்பது நிரலைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் பகுதி. பார்ஸர் அந்தச் சொற்கள் இலக்கணப்படி அமைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் பகுதி. அந்தக் காலத்தில் இவற்றை நேராக சி மொழியில் எழுதாமல், லெக்ஸ், யாக் என்ற கருவிகளுக்கு விதிகளாக எழுதிக் கொடுப்பார்கள். கருவிகள் அந்த விதிகளைப் படித்து சி நிரலைக் கக்கும். அந்த நிரல் முழுக்க எண் அட்டவணைகளாக இருக்கும், மனிதர் படிப்பதற்காக ஆனதன்று. லூவா 1.0இல் எஞ்சியிருப்பது இந்த வெளியீடு மட்டுமே. ஒரு மொழியின் முதல் இலக்கணத்தை அதன் ஆசிரியர்கள் எந்த வடிவில் எழுதினார்களோ, அந்த வடிவம் இன்று இல்லை.

மீட்கும் வழியையும் அதே குறிப்பு காட்டுகிறது. யாக் கருவி, பிழை தேடுவோர் வசதிக்காக, எந்த விதி இப்போது செயல்படுகிறது என்று திரையில் அச்சிடும் ஏற்பாட்டைத் தன் வெளியீட்டில் வைக்கும். அதற்காக இலக்கண விதிகள் ஒவ்வொன்றையும் எழுத்துச் சரமாக ஓர் அணியில் சேர்த்து வைக்கும். அந்த அணி 1.0 தொகுப்பில் அப்படியே இருக்கிறது. விதிகளை அங்கிருந்தும், ஒவ்வொரு விதிக்கும் உரிய செயலை அதே கோப்பின் மற்றொரு பகுதியிலிருந்தும் எடுத்து இணைத்தால், தொலைந்த இலக்கணம் மறுபடி உருப்பெறுகிறது. பிழை தேடுவதற்கென வைத்த வசதி வரலாற்றுச் சான்றைக் காப்பாற்றியிருக்கிறது.

மீண்ட இலக்கணத்தில் நிபந்தனை உண்டு. வைல், ரிபீட் என இரண்டு வகைச் சுழற்சிகள் உண்டு. உள்ளூர் மாறிகள் உண்டு. இன்றைய லூவா நிரலாளர் நாள்தோறும் எழுதும் ஃபார் சுழற்சி இல்லை. அது 2000ஆம் ஆண்டு நவம்பரில் வந்த 4.0 பதிப்பில்தான் சேர்ந்தது. பெயரற்ற செயற்கூறுகளும் இல்லை. அவை 1998 ஜூலையின் 3.1 பதிப்பில் வந்தவை.

அட்டவணையைப் படைக்கும் விதிதான் நான் தேடிய தடயம். லூவா 1.0இல் அட்டவணை ஒன்றைப் படைக்க, மின்னஞ்சல் முகவரியில் நாம் போடும் அந்தச் சுழிக்குறியை முன்னால் இட வேண்டும். இது சோல் மொழியிலிருந்து நேராக வந்தது. சோலில் அந்தக் குறியும் ஒரு பெயரும் சேர்ந்தால் அது ஒரு வகையைக் குறிக்கும். அந்த வகையில் எந்தெந்தப் புலங்கள் இருக்கலாம், எவற்றுக்கு என்ன இயல்பு மதிப்பு என்பதை முன்கூட்டியே அறிவித்து வைக்க வேண்டும். சரிபார்ப்பது மொழியின் வேலை. லூவாவில் அதே குறி, அதே பெயர், ஆனால் பொருள் மாறிவிட்டது. அந்தப் பெயரில் பயனர் எழுதிய செயற்கூறு ஒன்று அழைக்கப்படும். புதிய அட்டவணை அதன் கையில் கொடுக்கப்படும். சரிபார்க்கலாம், விடுபட்டதை நிரப்பலாம், எதுவும் செய்யாமலும் விடலாம். மொழி செய்துவந்த வேலையைப் பயனரிடம் ஒப்படைத்த முதல் இடம் இதுவே. நீட்டிக்கத்தக்க மொழி என்ற லூவாவின் இயல்பு இங்கே வேர் கொள்கிறது என்பது என் முடிவு.

உரிமத்தின் கதை

மூன்றாவது கேள்விக்கு வருவோம். முதன்முதலில் பொதுவில் வெளியான பதிப்பு 1.1. நாள் 8 ஜூலை 1994. கல்விப் பணிகளுக்கு இலவசம். வணிகத்துக்குப் பயன்படுத்த விரும்புவோர் தனியே பேசி உரிமம் பெற வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று இப்படிச் செய்வது அன்று இயல்புதான். விளைவு என்ன? ஒரு சிலர் விசாரித்தார்கள். ஒரு வணிக ஒப்பந்தம்கூட முடியவில்லை என்று 2007 கட்டுரை வெளிப்படையாகப் பதிவு செய்கிறது.

அடுத்து அவர்கள் எண்ணிப் பார்த்த விதம் கவனிக்கத்தக்கது. டிசிஎல் போன்ற போட்டி மொழிகள் தடையின்றிக் கிடைத்தன. ஆய்வுத் திட்டமாகத் தொடங்கும் மென்பொருள் பின்னாளில் சந்தைக்குப் போகக்கூடும். அப்படிப் போக நினைக்கும் ஆய்வாளர், வணிகத் தடையுள்ள மொழியை ஆய்வுக்குக்கூடத் தொட மாட்டார். ஆக, வணிகர்மீது போட்ட தடை மாணவர்களையும் விலக்குகிறது. இதை உணர்ந்தபின், 7 பிப்ரவரி 1995 அன்று வெளிவந்த 2.1 பதிப்பு முதல் எல்லாப் பயன்பாட்டுக்கும் தடையை நீக்கினார்கள்.

அந்த உரிமத்தின் வாசகத்தை, இருக்கும் உரிமங்களிலிருந்து பகுதிகளை எடுத்துத் தாங்களே தொகுத்து எழுதியிருந்தார்கள். தாராளமான உரிமம்தான். ஆனாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல, குனூ பொது உரிமத்தோடு இது ஒத்துப்போகுமா என்ற ஐயம் பயனர்களிடையே கிளம்பியது. 2002 மே மாதம், இனி வரும் பதிப்புகளை எல்லோரும் அறிந்த எம்ஐடி உரிமத்தில் வெளியிடுவது என்று முடிவு செய்தார்கள். ஜூலையில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பழைய உரிமமும் குனூ உரிமத்தோடு பொருந்தக்கூடியதே என்று உறுதி செய்தது. எடுத்த முடிவை அவர்கள் மாற்றவில்லை. 11 ஏப்ரல் 2003 அன்று 5.0 பதிப்பு எம்ஐடி உரிமத்தோடு வந்தது. அதன்பின் உரிமம் பற்றிய கேள்விகள் ஏறக்குறைய நின்றுபோயின.

ஒரே பதிப்பில் இரண்டு கதவுகள்

பதிப்புப் பட்டியலையும் உரிமங்களையும் பக்கம் பக்கமாக வைத்தபோதுதான் இந்த ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு கிடைத்தது. தடையற்ற உரிமம் வந்த அதே 2.1 பதிப்பில்தான், மொழியின் பொருளையே பயனர் மாற்றிக்கொள்ளும் வசதியும் வந்தது.

அதற்கு ஃபால்பேக் என்று பெயர். சாதாரணமாக எண்ணல்லாத இரண்டைக் கூட்டச் சொன்னால் மொழி பிழை சொல்லி நின்றுவிடும். லூவா 2.1 அப்படி நிற்பதற்கு முன் பயனர் கொடுத்த செயற்கூறு ஒன்றை அழைத்து, என்ன செய்யலாம் என்று கேட்கும். கூட்டல் முதலிய கணக்கு, ஒப்பீடு, சரங்களை இணைத்தல், அட்டவணையில் இல்லாத புலத்தைக் கேட்டல் என ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் இப்படி ஒரு வாசல் இருந்தது. இல்லாத புலத்தைக் கேட்டால் பெற்றோர் அட்டவணையில் தேடு என்று ஒரு சிறு செயற்கூறு எழுதினால் போதும், பொருள்நோக்கு நிரலாக்கத்தின் மரபுரிமை கிடைத்துவிடும். மரபுரிமை என்ற தனி வசதியை மொழியில் வைக்கவே தேவையில்லை. இந்த எண்ணம் 1997இல் 3.0 பதிப்பின் டேக் மெத்தட்களாகவும், 2003இல் 5.0 பதிப்பின் மெட்டாடேபிள்களாகவும் வளர்ந்தது.

இரண்டு கதவுகளும் ஒரே நாளில் திறந்ததற்கான காரணங்கள் வேறு வேறு. உரிமம் மாறியது வணிக முயற்சி பலிக்காததால். ஃபால்பேக் வந்தது மொழியைச் சிறிதாக வைத்துக்கொண்டே பலவகைத் தேவைகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருந்ததால். ஆனாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பயனர் என்ன செய்வார் என்பதை முன்கூட்டியே வரையறுக்க முடியாது என்பதை ஏற்று, தீர்மானத்தை அவரிடம் விட்டுவிடுவது.

அதன் பலன் விரைவில் தெரிந்தது. 1996 டிசம்பரில் ‘டாக்டர் டாப்ஸ் ஜர்னல்’ இதழில் லூவா பற்றிய கட்டுரை வந்தது. அதைப் படித்த லூக்காஸ் ஆர்ட்ஸ் நிரலாளர் பிரெட் மொகிலெஃப்ஸ்கி, தம் குழு உருவாக்கிய ‘கிரிம் ஃபாண்டாங்கோ’ விளையாட்டில் லூவாவைப் பயன்படுத்தினார். 1998இல் அந்த விளையாட்டு வெளியானது. விளையாட்டுத் துறை லூவாவை அறிந்துகொண்டது. 1.1 பதிப்பின் உரிமமே நீடித்திருந்தால், அவர் முதலில் ரியோவுக்கு எழுதி உரிமத்துக்குப் பேரம் பேச வேண்டியிருந்திருக்கும். அன்றுவரை அப்படிப் பேசத் தொடங்கியவர் எவரும் ஒப்பந்தம்வரை வந்ததில்லை.

தீர்ப்பும் ஒரு வேண்டுகோளும்

சான்றுகள் காட்டுவது இதுதான். லூவாவின் சுதந்திரம் பிறப்பிலேயே வந்ததன்று. மூடிய சந்தையில் வளர்ந்த குழு ஒன்றில், எண்ணெய் நிறுவனத்தின் எண் வரிசைகளைச் சீர்செய்யப் பிறந்த கருவி, முதலில் தடையோடு வெளியே வந்தது. தடை தவறு என்று கண்ட ஆசிரியர்கள், அது வெளியான ஏழே மாதங்களில் தடையை நீக்கினார்கள். கட்டற்ற மென்பொருளைக் கொள்கையாகப் போற்றுகிறவர்களுக்கு இந்த வரலாறு ஒரு வலுவான சான்று. அனுபவமே இந்த மூவரையும் அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது.

இவ்வளவையும் என்னால் அறிய முடிந்ததற்குக் காரணம், மூவரும் எதையும் மறைக்காமல் பாதுகாத்ததுதான். பலிக்காத உரிமத்தைப் பற்றி எழுதினார்கள். தொலைந்த கோப்புகளைத் தொலைந்தன என்றே சொன்னார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய நிரலின் தலைப்புத் தேதியைக்கூட அழிக்காமல் விட்டார்கள்.

மென்பொருள் எழுதும் தமிழர்களிடம் என் வேண்டுகோள் இது. எழுத்துரு, விசைப்பலகை, சொற்பிழை திருத்தி, அகராதிச் செயலி எதுவானாலும், முதல் பதிப்பிலிருந்து ஒவ்வொன்றையும் தேதியோடு, எழுதியவர் பெயரோடு, உரிம வாசகத்தோடு சேமித்து, எவரும் எடுத்துப் படிக்கும் இடத்தில் வையுங்கள். கருவி உருவாக்கித் தரும் வெளியீட்டை மட்டும் வைத்துவிட்டு மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். உங்கள் பழைய வன்தட்டில் கிடப்பது எதுவென்று இன்றே பாருங்கள்.